ரக்பிப் பெண்களும் ஒரு பூட்டும்

இந்த வாரம் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடையாறில் எங்கள் தெருமுனையில் ஒரு மாநகராட்சி மைதானம். காலையில் நாங்கள் சங்கம் வைத்து நடப்போம் – நான் சர்க்கரைக்காக, மற்றவர்கள் அரட்டைக்காக. நடுவில் சில பெண்கள் ரக்பி ஆடுவார்கள். நடந்து முடித்த மாமாக்கள் அருகம்புல் ஜூஸும் கையுமாக நின்று அவர்களைக் கேள்வி கேட்டே துளைப்பார்கள். கேப்டன் ரேவதி சளைக்காமல் பதில் சொல்வாள்.

"ஏம்மா, பந்து ஏன் முட்டை மாதிரி இருக்கு?"

"கக்கத்துல இடுக்கிக்கினு ஓடணும்ல சார்!"

"முன்னாடி நிக்கற பொண்ணை விட்டுட்டுப் பின்னாடி போடறியே?"

"கையால முன்னாடி போட்டா தப்பு சார். ஓடித்தான் முன்னாடி போவணும். இல்லாட்டி ஒதைக்கணும்."

"ஹெல்மெட் கிடையாதா?"

"அது அமெரிக்காகாரங்க ஆடற ஆட்டம். எங்களுக்குப் பல்லுக்கு மட்டும்தான் ரப்பர் கவசம். தோளுக்கு மேல புடிச்சா ரெஃப்ரி சும்மா வுட மாட்டாரு."

"இவ்ளோ ஜோரா இருக்கே, நம்மூர்ல ஏன் பிரபலமாகலை?"

இதற்கு மட்டும் அவள் சிரித்தாள். பதில் போன மாதம் கிடைத்தது.

மாநில அணிக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு நாள் நாங்கள் நடந்து முடித்ததும் சங்கச் செயலாளர் கேட்டைப் பூட்டிவிட்டார். பெண்கள் வெளியே நிற்கிறார்கள். கேட்டால், "புல்லு பாழாகுது சார்!"

புல்லா? அங்கே இருப்பது செம்மண்ணும் ஆட்டுப் புழுக்கையும்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் பையனும் நண்பர்களும் கிரிக்கெட் ஆடும்போது பாழாகாத புல், இந்தப் பெண்கள் ஓடினால் மட்டும் பாழாகிவிடுமாம்!

"வெளியாளுங்க வந்து ஆடறதுக்கா சார் நாம பராமரிக்கறோம்?" என்றார் அடுத்து.

ரேவதிக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னா சார், நானா வெளியாளு? இந்தக் காம்பவுண்டு பின்னால ஆத்தோரம்தான் எங்க வூடு இருந்துச்சு. நான் நடக்கக் கத்துக்கினதே இந்த கிரவுண்டுலதான். குடிசைய இடிச்சிட்டு, ஊருக்கு வெளிய பெரும்பாக்கம் போன்னாங்க, போனோம். ஆடறதுக்குன்னு ரெண்டு பஸ்ஸு மாறி வர்றேன். அதுக்கும் பூட்டா?"

அவள் பிறந்து வளர்ந்த இடம். செயலாளர் ஃபிளாட் வாங்கி வந்ததே அதற்கப்புறம்தான். யார் சார் வெளியாள்?

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தினேன். மாநகராட்சி மைதானத்தைப் பூட்ட நீங்கள் யார் என்று கேட்டேன். ஜூஸும் கையுமாகக் கேள்வி கேட்டவர்களில் ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே... "எதுக்கு சார் வம்பு?" என்று ஆளாளுக்கு நழுவினார்கள். பெண்கள் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போய் மணலில் ஓடினார்கள்.

மணலில் ஓடியே ரேவதி தேர்வாகிவிட்டாள். பேப்பரில் போட்டோ வந்தது.

நேற்றுக் காலை செயலாளர் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

"சார், நம்ம ஏரியா பொண்ணு ஸ்டேட் டீம்ல! 'எங்கள் மண்ணின் மகளே'ன்னு சங்கம் சார்பா ஒரு பேனர் வெச்சுடலாமா?"

"எங்கே வைப்பீங்க?"

"கிரவுண்டு கேட்லதான்."

"பேஷா வைங்க. பூட்டுக்கு மேலேயா, கீழேயா?"