பிளேடுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மதியம் என் வலது கட்டைவிரல் கையை விட்டுப் போனது. அப்போது வலிக்கவே இல்லை. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், வலிக்கவில்லையே என்று சும்மா நிற்காதீர்கள்.

வலங்கைமான் பக்கம் ஒரு கோழிக்கறி கம்பெனியில் ஆறு வருஷமாக வெட்டும் மிஷினில் எனக்கு வேலை. பூஜைக்கு மூடிமேல் பொட்டு வைத்தால் போதாது, பிளேடுக்கே வைக்க வேண்டும் என்பது எங்கள் ஷெட்டின் பழக்கம். சூப்பர்வைசர் என்னை வைக்கச் சொன்னார். மெயினை அணைத்தேன். மிஷினின் சுவிட்சை அணைக்கவில்லை, புத்தி கெட்டவள்! மூடியைக் கழற்றிச் சந்தனம் தடவிக்கொண்டிருந்தபோது, சீரியல் லைட் எரிகிறதா என்று பார்க்க யாரோ மெயினைப் போட்டுவிட்டார்கள்.

ஒருவர் விரலை எடுத்து ஐஸ் பெட்டியில் போடப் போனார். பேக்கிங்கில் இருக்கும் மும்தாஜ் அக்கா பாய்ந்து தடுத்தார்.

"நேரா ஐஸுல போடாதீங்க! கறியே வீணாப் போயிடும், இது விரலு!"

நல்ல தண்ணீரில் அலசி, ஈரத்துணியில் சுற்றி, கவரில் போட்டு இறுக்கக் கட்டிய பிறகே ஐஸில் வைத்தார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அதைப் பிரித்துப் பார்த்தார்.

"இத யாரும்மா பேக் பண்ணினது, நர்ஸா?"

"இல்ல சார், எங்க கம்பெனில கோழி பேக் பண்றவங்க."

"அவங்களுக்கு ஒரு கும்பிடு. ஒட்ட வெச்சுப் பாக்கலாம். பொழச்சாலும் உணர்ச்சி வருமான்னு வாக்கு குடுக்க மாட்டேன்."

நுண் அறுவை (நுண்ணோக்கியில் பார்த்து, முடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாய்களைத் தைப்பது) நடுராத்திரிவரை நடந்தது. பிறகு நர்ஸ் அடிக்கடி வந்து விரல் நுனியை அழுத்திவிட்டுப் பார்ப்பார். வெளுத்த இடம் சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. கருத்தால் விரல் போயிற்று. மூன்றாம் நாள் கட்டு மாற்றும்போது நானே பார்த்தேன். பிறந்த குழந்தையின் குதிகால் நிறத்தில் இருந்தது. ஆத்தாடி! ஐஸில் கிடந்தது என் ரத்தத்தை மறுபடி வாங்கிக்கொண்டுவிட்டதே! கும்பிடலாம் என்றால் ஒரு கைதான் இருந்தது.

அந்த வாரமே சூப்பர்வைசர் ஆப்பிளும் ஒரு காகிதமும் கொண்டுவந்தார். "பூஜைல நடந்தது, வேலைல நடக்கலன்னு எழுதியிருக்கும்மா. இடது கை ரேகை வெச்சா போதும்."

குத்தகை நிலத்தில் நடவை விட்டு ஓடிவந்த என் வீட்டுக்காரர், "பெரிய எடம், பகைச்சுக்க வேணாம்" என்று என் காதில் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேலை நேரத்துல, நீங்க சொல்லி, உங்க மிஷினுக்கு வெச்ச பொட்டு சார் அது. வேலை இல்லாம என்ன, என் நேர்த்திக்கடனா?" என்று காகிதத்தைத் திருப்பி நீட்டினேன்.

விபத்து எங்கே, எப்படி நடந்தது என்பதை ஆஸ்பத்திரிச் சீட்டில் முதல் நாளே எழுதச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டாத காகிதத்தில் ரேகை வைக்காதீர்கள். நஷ்டஈடு கேட்டுப் போன தொழிலாளர் அலுவலகத்தில் எனக்கு உதவியது அப்படி எழுதி வாங்கிய சீட்டும் மும்தாஜ் அக்காவும்தான். தன் வேலை போனாலும் போகட்டும் என்று சாட்சி சொல்ல வந்து, "டூட்டிக்குப் பஞ்ச் வெச்சுட்டுத்தான் சார் பொட்டு வெச்சா" என்றார். வேலையில் நேர்ந்த காயம் என்றே அதிகாரி எழுதினார்.

விரல் மட்டும் மரத்துக் கிடந்தது. நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம். நட்ட பயிர்கூட வாரத்தில் பச்சை பிடித்துவிடும். இது எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. ஊசியால் குத்திப் பார்ப்பேன், ஒன்றும் தெரியாது. மாதங்கள் போயின. வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியைப்போல அது என் கையில் இருந்தது.

ஒரு காலையில் கஞ்சி வடிக்கும்போது கட்டைவிரல் பானையில் பட்டது.

"ஐயோ!"

வீட்டுக்காரர் ஓடிவந்தார். "என்னாச்சு?"

"சுடுதுங்க! கட்டவிரல் சுடுதுங்க!"

அவர் முகம் கோணி அழுதார். என் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்தார். நான் நகரவில்லை.

"இருங்க," என்றேன். "இன்னும் கொஞ்சம் சுடட்டும்."