அடித்த வரி

தொண்ணூறுகளில் காந்திபுரத்தில் ஓர் அச்சகத்தில் எனக்குப் பிழை திருத்தும் வேலை. அங்கே அச்சான பத்திரிகைக்கு வரும் கதைகளைச் செப்பனிடுவதும் என் தலையில்தான் விழுந்தது. எழுதுகிறவர்களுக்கெல்லாம் ‘படபடத்தது’ என்ற சொல்லின் மேல் அப்படியொரு ஆசை. ஒருவருக்கு அரசிலை படபடக்கும், இன்னொருவருக்குக் கட்சிக்கொடி, வேறொருவருக்கு டவுன் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தவளின் தாவணி. காதலிகளுக்குத் தவறாமல் இமை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இமை படபடத்தால் சிவப்பு மையில் ஒரே கோடு.

அந்தச் சமயத்தில்தான் அக்கா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார், லீவு கிடைக்கவில்லை. கடைசி நாள் அவள் காதருகே குனிந்து, “அக்கா, மாமா வந்துட்டிருக்காருங்க” என்று பொய் சொன்னேன். மூடியிருந்த இமை படபடத்தது. சாயங்காலம் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து மாமாவுக்குக் கடிதம் எழுதினேன். இமை படபடத்த அந்த வரியை எழுதியதும் மட்டமான கதை மாதிரி தெரிந்தது. பழகிய கை, ஓர் எழுத்துகூடத் தெரியாதபடி அழுத்தி அடித்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து மாமா வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அவர் கையில் காகிதம் படபடத்தது.

“ஏனுங்க மாப்ள, இங்க என்னமோ எழுதி அடிச்சுப்போட்டீங்களே, என்னங்க அது?”

அடித்த காரணத்தை எந்த வாயால் சொல்வது?

“எழுத்துப் பிழைங்க மாமா” என்றேன்.