மூதூரில் சுண்ணாம்புக்கு ஏங்கிய தக்காளிகள்

மூதூரில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் என் தோழி நஸீராவின் தக்காளிகள் காய்க்கும். ஆனால் ஒவ்வொரு காயும் அடிப்பக்கம் கறுத்து அழுகிவிடும். "இப்பிடியே போனால் வெள்ளிக்கிழமை செடியெல்லாம் பிடுங்கிப்போட்டு அந்த இடத்தில ட்ரெய்லர் நிப்பாட்டுவாராம். வந்து பார்," என்று குரல்செய்தி அனுப்பியிருந்தாள். ட்ரெய்லர் அவள் கணவர் றியாஸுடையது. நானும் அவளும் ஒன்றாகத் தாவரவியல் படித்தவர்கள். நான் பிறகு அதை மறந்து முன்னேறிவிட்டேன். இருந்தாலும் மாசி மாதத்து வியாழக்கிழமை காலை புறப்பட்டேன்.

திருகோணமலையில் 6.15 பஸ். கட்டணம் 160 ரூபாய், பயணம் ஒன்றேகால் மணி நேரம். இடப்பக்கம் உட்காருங்கள், முகத்தில் வெயில் விழும், ஆனால் கடல் அந்தப் பக்கம்தான். கிண்ணியாப் பாலத்தில் பஸ் மெதுவாகியது. கீழே பனிமூட்டத்துக்குள் தோணி தெரியவில்லை. அதில் நின்றவர் மட்டும் தெரிந்தார். பக்கத்து ஆசனக்காரர் அவருக்குக் கையசைத்தார். பாதித் தூக்கத்தில் நானும் அசைத்தேன்.

மூதூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன், 200 ரூபாய்.

"டீச்சர் வீட்டுக்கா? முட்டைக்கோது கொண்டு வந்தீங்களா?" என்றார் சாரதி.

"இல்லையே."

"எல்லாரும் குடுக்கிற. தக்காளிக்குச் சுண்ணாம்புச் சத்துக் காணாதாம்."

ஊர் பொய் சொல்லவில்லை. தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்த செடிகளின் காலடியில் உடைந்த முட்டை ஓடுகள் வெள்ளையாகக் குவிந்திருந்தன. மண்ணே பாதி சிப்பித்தூள். உள்ளே நுழைந்தால் குளத்துக்கு அடியில் நடப்பதுபோல் பச்சை வெளிச்சம். இவ்வளவு சுண்ணாம்பின் நடுவே காய்கள் சுண்ணாம்பில்லாமல் கறுத்துக்கொண்டிருந்தன.

கதிரையில் இருந்து வெகுநேரம் இலைகளையே பார்த்தேன். "இலைக்கு என்னடி குடுக்கிறாய்?" என்று நஸீராவிடம் கேட்டேன்.

தொடக்கத்தில் இலைகள் சிறுத்திருந்தனவாம். கடையில் ஒரு மருந்து கொடுத்தார்களாம். போத்தலை எடுத்து வந்து, பின்பக்கத்து எழுத்தை முதல்முறையாக வாசித்தாள். ஜிபரலின்.

"இதைத்தான் போன தவணை சோதனையில பிள்ளைகளிட்ட கேட்டனான்," என்றாள்.

அந்தக் கேள்விக்கு விடை இதுதான். சுண்ணாம்புச் சத்து வேரிலிருந்து தண்ணீரோடுதான் ஏறும். தண்ணீரை இழுப்பது, அதை வெயிலில் ஆவியாக்கும் இலை. காய் அதிகம் ஆவியாக்காது. ஜிபரலின் என்ற ஹோர்மோன் இலைகளைப் பெருக்கும். காய்க்குள் போகும் நீர்க்குழாய்களையும் குறைக்கும். வருவதெல்லாம் இலைக்கே போய்ச் சேரும். தலைநகரத்தோடு பழகிய நமக்கு இது விளங்காததல்ல. அப்சிசிக் அமிலம் என்ற வேறொரு ஹோர்மோன் இதற்கு எதிர்: இலைத்துளைகளை மூடி, தண்ணீரைக் காயின் பக்கம் திருப்பும். இரவில் துளைகள் மூடியபின் வேரே தண்ணீரை மேலே தள்ளும். காய்க்கும் கொஞ்சம் கிடைக்கும். விடியலில் இலை நுனிகளில் தொங்கும் துளிகள் அந்த வேலையின் மிச்சம்.

பத்து மணிக்கு றியாஸ் தேத்தண்ணீருக்கு வந்தார். இரண்டு மாதமாக நஸீரா அவருடைய மண்ணைத்தான் குறை சொல்லி வந்தாள். அது அவருடைய வாப்பா விட்டுப்போன மண். ட்ரெய்லர் அதற்குப் பிறகுதான் கதைக்குள் வந்தது. போத்தல் விசயத்தை மறைத்து மண்ணிலேயே பழியைப் போட்டால் அவள் செடிகளுக்கு இன்னொரு பருவம் கேட்கலாம்; சொன்னால் கேட்க வாயில்லை.

"மண்ணில பிழையில்ல," என்றாள். "மருந்தடிச்ச என்ட கையிலதான் பிழை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப எங்கட வாப்பாட மண்?"

"நல்ல மண்."

"இன்னொருக்காச் சொல்லுங்க. வந்த ஆளும் கேக்கட்டும்."

இன்னொருமுறை சொன்னாள். நான் கேட்டேன். றியாஸ் தேத்தண்ணீரை முடித்தார்.

"ட்ரெய்லர் ஒழுங்கையில நிக்கட்டும்," என்றார்.

போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவையுங்கள். வெயிலுக்குத் தொப்பி வேண்டும். ட்ரெய்லர் நிற்பதால் வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கைக்குள் இனி ஆட்டோ போக ஏலாது, முனையில் இறங்கி நடக்கவேண்டும். சில ஊட்டங்கள் வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர, யாராவது கொஞ்சம் வாயை மூடவோ திறக்கவோ வேண்டியிருக்கிறது என்று திரும்பும் பஸ்ஸில் தோன்றியது. தூக்கத்தில் தோன்றியது, பெரிதாக எடுக்கவேண்டாம். நஸீரா மருந்தை நிறுத்திவிட்டாள். நேற்றுப் படம் அனுப்பியிருந்தாள். புதிய காய்கள் சுண்டைக்காய் அளவு. அடிப்பக்கம் இதுவரை பச்சை.