விமானத்துக்கு ஒரு முழம் ஜரிகை

சேவூர் கமலக்கண்ணன் பட்டு நெய்கிறவன். தறியை விட்டு இறங்கினால் ரிமோட் விமானம் செய்கிறவன். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு அந்தப் பைத்தியம் கிடையாது. ஆனாலும் அதைப் பறக்கவிட அறுத்த வயலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போவது நான்தான். என் தலையெழுத்து.

முதல் விமானம் கிணற்றில் விழுந்தது. மோட்டார் முழு வேகத்தில் கரண்டை இழுத்தபோது, அதே பேட்டரியை நம்பியிருந்த ரிசீவர் ஒரு கணம் அணைந்துபோனது. ரிமோட் சொல்வதைக் கேட்கிற பெட்டிதான் ரிசீவர். அது அணைந்தால் விமானம் வெறும் தெர்மாகோல். இரண்டாவதில் ஒரு வயர் கழன்றது. அதுவும் போயிற்று.

"இன்னொன்னு பண்ணிக்கோங்க. அதுவும் வியுந்துச்சின்னா இத்தோட ஏறக்கட்டிடணும். சாமி மேல சத்தியம் பண்ணுங்க" என்றாள் அவன் மனைவி லீலா. பண்ணினான்.

மூன்றாவதில் ரிசீவருக்குத் தனி பேட்டரி. வயலின் ஒரு கோடியில் விமானத்தை வைத்துவிட்டு, மறுகோடிவரை ரிமோட்டோடு நடந்து சிக்னல் பார்த்தான். வால் சொன்னபடி அசைந்தது.

பறக்கவிடும் நாள் காலையில் லீலா தானே நெய்த ஒரு ஜரிகைத் துண்டோடு வந்தாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் முடிகிற இடத்தில் மிஞ்சுவதை, ஊடாக ஜரிகையையே ஓட்டி முழு ஜரிகையாக நெய்து, பைக்கோ பிரிட்ஜோ புதிதாக எது வந்தாலும் கட்டுவது அந்த வீட்டு வழக்கம். விமானத்தின் வயிற்றைச் சுற்றி அவளே ஒட்டினாள். அவன் பூரித்துப்போனான். மறுபடியும் சிக்னல் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

விமானம் அழகாக ஏறியது. தென்னைகளைத் தாண்டியதும் ரிமோட்டைச் சட்டையே செய்யாமல் நேராகப் போய், ஒரு வரப்பில் மூக்கைக் குத்திக்கொண்டது.

நாங்கள் இருவரும் ஓடினோம். ரிசீவர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். பேட்டரி மேல் குற்றமே இல்லை. கமலக்கண்ணன் ஜரிகையைப் பிரித்துவிட்டுத் தூரப் போய் ரிமோட்டை அசைத்தான். வால் அசைந்தது. நான் ஜரிகையை ரிசீவர் மேல் சுற்றினேன். நின்றுவிட்டது. அடக் கடவுளே! ஜரிகை என்றால் உலோகம். பக்கத்தில் இருந்தவரை எட்டிய சிக்னல், தூரம் போனதும் அதைத் தாண்டி உள்ளே போகவில்லை. ஆரணிப் பக்கம் பிறந்த நமக்கா இது தெரியாமல் போனது!

"சொல்லிடுடா. தப்பு உம்மேல இல்லன்னு தெரிஞ்சா சத்தியத்த வுட்டுக்குடுத்துடுவா" என்றேன்.

அதற்குள் லீலா மூச்சிரைக்க வந்துவிட்டாள். ஜரிகையை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

"எல்லாம் ஒடஞ்சி போச்சி. நான் நெய்ஞ்சது மட்டும் ஒரு இழகூடப் பிரியல, பாருங்க." முகத்தில் அவ்வளவு பெருமை. "ஏங்க, எதனால வியுந்துச்சி?"

நான் வாயைத் திறந்தேன். கமலக்கண்ணன் என் காலை மிதித்தான்.

"பேட்டரிதான் லீலா. என் தப்பு" என்றான். "ஏறக்கட்டிடலாம்."