முந்தானையில் துடைத்த தங்கமீன்

வண்ணமீன் கடைக்கு மீன் வாங்க வருகிறவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் வாங்கிய மீனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்கள். வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கண்ணீர் விட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் குரங்கணிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தவன். கம்பளி கேட்டு வேலைநிறுத்தம் செய்தோம். கம்பளி எல்லோருக்கும் கிடைத்தது; வேலை எனக்கு மட்டும் போயிற்று. அதன் பிறகு தேவாரம் ஊர் வரைக்கும் எந்தத் தோட்டத்திலும் என்னைச் சேர்க்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. எமர்ஜென்சி முடிந்த பிறகு போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மீன் கடை போட்டேன். மீன் கோஷம் போடாது என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

தூக்குவாளியில் வந்த கேஸ்

ஒரு நாள் காலையில் பேச்சியம்மாள் தூக்குவாளியோடு மூச்சு வாங்க வந்து நின்றாள். ஒரு வியாபாரியின் ஏலக்காய் கோடவுனில் காய் பொறுக்குகிறவள். வாளிக்குள் ஒரு தங்கமீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஒரு பக்கம் செதில் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. வால் நூல் நூலாகக் கிழிந்திருந்தது. முதலாளி மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டியிலிருந்து அதுவாகவே எகிறிக் காய்க் குவியலில் விழுந்திருக்கிறது. பேச்சி ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மீன் மேலே வழவழவென்று ஒரு பூச்சு இருக்கிறதே, அதுதான் அதற்குச் சட்டை. ஈரமில்லாத கையால் தொட்டாலே அது போய்விடும். இவள் தொட்டதோடு நிற்கவில்லை.

“மீனு பொழச்சா மீனோட வா, செத்துச்சுன்னா வீட்லயே இருந்துக்க” என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அவள் கூலியில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. “என்ன தாயி பண்ணின?” என்று கேட்டேன். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

“மேலெல்லாம் தூசியா இருந்துச்சுண்ணே, காயத் துடைக்கிற மாதிரி முந்தானையால நல்லாத் துடைச்சுத்தாண்ணே உள்ள விட்டேன்.”

உப்பு

எனாமல் பேசினில் பழைய தொட்டித் தண்ணீரை ஊற்றி, சின்னக் கைப்பிடி கல்லுப்பைக் கரைத்து, மீனை அதில் விட்டு, பாதி பேசினை ஈரச் சாக்கால் மூடினேன். இரண்டு நாள் தீனி கிடையாது. தினமும் கொஞ்சம் தண்ணீரை மாற்ற வேண்டும். இதற்கு மேல் எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் போடியில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் மஞ்சள் பூசச் சொன்னார். ஒருவர் கோழிக்கு வாங்கிய மருந்தைக் கொண்டுவந்தார்.

என்னோடு தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த வேலுச்சாமி தினமும் பேப்பர் படிக்கக் கடைக்கு வருவார். அவர் ஒரு பொட்டலத்தில் துரிசு என்கிற மயில்துத்தம் கொண்டுவந்துவிட்டார். ஏலச்செடி அழுகலுக்குத் துரிசுதானே அடிப்போம், மீனும் அழுகாமல் இருக்கும் என்பது அவர் கணக்கு. ஒரு சிட்டிகை கூடினால் மீன் சாயங்காலத்துக்குள் செத்துவிடும் என்று சொல்லிப் பொட்டலத்தைப் பிடுங்கி வைத்தேன். அவருக்குக் கோபம். பேசினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மலையில கால்ல ஏறுன அட்டைக்கு வச்சா அட்டை சாகுது, இங்க மீனுக்கு வச்சா மீன் பொழைக்குமா? உப்பு என்ன மாப்ளே, ரெண்டு கட்சியிலயும் இருக்கு?”

வாசலில் ஸ்கூட்டர்

நாலாம் நாள் அந்த வியாபாரியே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சங்கக் கொடியோடு அவர் கோடவுன் வாசலில் நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அவர் என் துண்டறிக்கையை என் கண் முன்னாலேயே கிழித்திருக்கிறார். இருவருக்கும் எதுவும் மறக்கவில்லை. “வாங்க” என்றேன். “முதலாளி” என்று சேர்க்கவில்லை.

சாக்கை விலக்கிப் பார்த்தார். மீன் நிமிர்ந்துவிட்டது, ஆனால் மூலையை விட்டு நகரவில்லை. மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் அதன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவாராம். சொல்லும்போது குரல் இறங்கியது. மனுஷனுக்கு உண்மையாகவே கவலைதான். தண்ணீரில் மூச்சு முட்டினால்தான் தங்கமீன் எகிறும், பேச்சி துடைத்தது இரண்டாவது விபத்து, முதல் விபத்து உங்கள் தொட்டியில்தான் நடந்தது, அந்த இடத்தை நான் பார்க்க வேண்டும் என்றேன். அவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே சொன்னார்:

“மனுசனுக்கு வக்காலத்து வாங்கி முடிச்சிட்டு இப்ப மீனுக்கு வந்துட்டியாய்யா?”

ஜன்னல்

மறுநாள் போனேன். அந்த வாசலுக்குள் கொடி இல்லாமல் நுழைந்தது அன்றுதான் முதல் தடவை. உள்ளே பட்டப்பகலில் குண்டு பல்பு எரிந்தது. வெளிச்சம் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும் என்று ஜன்னல்களை அடைத்துச் சாக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்கினார்கள். ஒருத்தி இருமி முடித்தால் அடுத்தவள் ஆரம்பித்தாள். தொட்டித் தண்ணீரின் மேலே தூசி, பால் ஆடை போலப் படிந்திருந்தது.

ஜன்னலைத் திறக்கச் சொல்லி இந்தப் பெண்கள் கேட்டு வருஷங்கள் ஆயிற்று. அவர்களுக்காக நான் எழுதிய துண்டறிக்கைகளைத்தான் அவர் கிழித்தார். இப்போது அதே கோரிக்கையை மீனின் பெயரில் வைத்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. காற்று மோட்டார் இந்த அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது, ஒன்று தொட்டி வெளியே போக வேண்டும், அல்லது ஜன்னல் திறக்க வேண்டும் என்றேன். தொட்டிக்கு மேலே கம்பி வலை போட்ட மூடியும் வேண்டும் என்றேன். அவர் காயைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். பெண்கள் பக்கம் பார்க்கவே இல்லை. பேச்சுவார்த்தை ஐந்து நிமிஷம்கூட நீடிக்கவில்லை. ஆளைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“குவியல அந்தப் பக்கம் தள்ளிட்டு வடக்கு ஜன்னல் ரெண்டையும் தொறங்கப்பா, வாயில்லா சீவன் மூச்சு விடட்டும்.”

டிஸ்சார்ஜ்

பத்தாம் நாள் மீன் தீனிக்கு மேலே வந்தது. கிழிந்த வாலின் ஓரத்தில் கண்ணாடி போலப் புதுச் சதை வளர்ந்திருந்தது. செதில் போன இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. பாலிதீன் பையில் தண்ணீரோடு விட்டுப் பேச்சியின் கையில் கொடுத்தேன். பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். நானும் கூடப் போனேன்.

கோடவுனில் தொட்டிக்குக் கம்பி மூடி வந்திருந்தது. முதலாளி பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு பேச்சிக்கு அவள் வழக்கமாக உட்காரும் இடத்தைக் கையால் காட்டினார். அவள் போய் உட்கார்ந்து முறத்தை இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வேலை விட்டுப் போகும் வழியில் கடைக்கு வந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்து, “அதெல்லாம் வேண்டாம் தாயி” என்று முந்திக்கொண்டேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்:

“அந்தக் கம்பி மூடிய மட்டும் எடுத்துரச் சொல்லுங்கண்ணே, இன்னொரு தடவ எகிறுச்சுன்னா எங்களுக்குக் கக்கூஸ் கேக்கலாம்.”

எத்தனையோ தலைவர்களை ஜீப்பில் அழைத்து வந்து மேடை ஏற்றியிருக்கிறேன். பேசாமலே கோரிக்கையை வென்று கொடுத்தவர் இந்தத் தங்கமீன் ஒருவர்தான், அவரும் சங்கத்தில் சேரவில்லை.