வெள்ளிக்கிழமை மீன் தின்ற பூனை

என் தங்கை மகேஸ்வரியைக் கட்டிய இசக்கிராஜ், வாஷி மார்க்கெட்டில் ஒரு வற்றல் மொத்த வியாபாரியிடம் பில் போடும் வேலையில் இருக்கிறான். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கிரிக்கெட் மேட்ச் கூடப் பார்க்க மாட்டான். தங்கமான மாப்பிள்ளை என்று நாங்கள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அவனுடைய ஒரே கெட்ட பழக்கம் வெளியே வந்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு புரோகிராம் எழுதுவான். வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டது. காசு வருகிற மாதிரி எதையாவது எழுதினாலும் பரவாயில்லை. லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைக்குமா என்று சொல்லும் புரோகிராம் ஒன்று எழுதினான். கிடைக்காது என்றே அது எப்போதும் சொன்னது. என்னிடம் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்பேன்.

எனக்கு அதே மார்க்கெட் பக்கத்தில் பாத்திரக்கடை. மதியச் சாப்பாட்டை என் கடைக்கு எடுத்து வந்துதான் சாப்பிடுவான். அதனால் அவன் எழுதிய எல்லாவற்றையும் முதலில் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும் பாக்கியம் எனக்குத்தான்.

அவன் அம்மா தங்கத்தாய், எனக்கு அத்தை முறை. தாராவியில் தனியாக இருக்கிறாள். ஒற்றை அறை, வாசலில் தண்ணீர் டிரம், எதிரே பெல்ட் தைக்கும் ஜெயினுலாப்தீன் பாயின் பட்டறை. மாமா போன பிறகும் அங்கிருந்து அசைய மாட்டேன் என்கிறாள். சர்க்கரை வியாதி வேறு. போன வருஷம் மயங்கி விழுந்தபோது இசக்கிராஜ் கறாராகச் சொன்னான்.

"இன்னொரு மட்டம் இப்படி ஆச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு வாஷிக்கு வந்துரணும். அப்புறம் பேச்சே கிடையாது."

அத்தை பதில் பேசவில்லை. சம்மதம் என்று இவன் எடுத்துக்கொண்டான். அவளைப் பெற்றவர்கள் கூட அப்படி எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் போன். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கால்ல புண்ணு இருக்கான்னு பார்த்தியா. ஒருநாள் அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. "நான் என்ன உங்க கடைச் சரக்காலே, நேரத்துக்கு ஒருக்க எண்ணிப் பாக்க?" என்றவள் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். இவன் பதறியடித்து ஓடிப் பார்த்தால், பாயின் மனைவி நூர் நிஷாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பேச வேண்டும் என்று அன்று ஒப்பந்தமானது.

பூனை பிறந்தது அதற்குப் பிறகுதான். போன் திரைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சாம்பல் பூனை. அத்தைக்கு வாசிக்க வராது என்பதால் எல்லாம் படம். பால், தயிர்ச் சோறு, பிஸ்கட், மீன். எதைத் தொடுகிறாளோ அது பூனையின் தட்டில் விழும். உள்ளே பசி என்று ஓர் எண், நேரம் போகப் போக ஏறும், சாப்பாடு வைத்தால் இறங்கும், அவ்வளவுதான் மச்சான் என்றான். முதலில் செய்த பூனை பட்டினி கிடந்தால் செத்துப்போனது. அதைச் சொன்னதும் அத்தை போனைத் திருப்பி நீட்டிவிட்டாள்.

"சாவுற பூனை எனக்கு வேண்டாம். கொண்டு போ."

சாவை எடுத்துவிட்டான். இப்போது பட்டினி போட்டால் பூனை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அத்தை அதற்குச் சீனி என்று பெயர் வைத்தாள். தான் தொடக்கூடாதது பெயரிலாவது வீட்டில் இருக்கட்டும் என்றாள்.

அவளிடம் சொல்லாமல் இவன் ஒன்று செய்திருந்தான். அதே பூனை இவன் போனிலும் இருந்தது. அங்கே வைக்கும் சோறு இங்கேயும் தட்டில் தெரியும். பூனை சாப்பிட்டால் அம்மா எழுந்து நடமாடுகிறாள் என்று கணக்கு. பெற்ற தாயை வேவு பார்க்கிறாயே என்று திட்டினேன். "அம்மாவுக்குத் தெரியவா போவுது, விடுங்க மச்சான்" என்று சிரித்தான்.

அத்தை வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் கவுச்சி ஏறாது. முட்டை கூட வாசலோடு சரி. சீனிக்கும் அதே சட்டம்தான். "வெள்ளிக்கிழமை நான் தயிர்ச் சோறு திங்கையில அது மட்டும் மீனு திங்குமோ?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனிடம் கேட்டாளாம். அதனால் வெள்ளிதோறும் பூனையின் தட்டு வெள்ளை வெளேரென்று இருக்கும். இசக்கிராஜ் அதை என்னிடம் காட்டிக் காட்டிச் சிரிப்பான்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் கடைக்கு வந்து டப்பாவைத் திறந்தான். போனைப் பார்த்தான். டப்பாவை மூடிவிட்டான்.

"மச்சான், சீனி தட்டுல முள்ளு கிடக்கு."

"கிடந்துட்டுப் போவுது. பூனைதான?"

"இன்னைக்கு வெள்ளி மச்சான்."

"வயசானவ. விரல் தவறிப் பட்டிருக்கும். நீ சாப்பிடு."

"எங்கம்மா விரல் தவறிப் பிஸ்கட் மேல படும். வெள்ளிக்கிழமை மீன் மேல படாது."

அம்மாவுக்குப் போன் போட்டான். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். இந்தத் தடவை யாரோ துண்டித்தார்கள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு இன்னும் சிரிப்புத்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு அவன் ஜெயினுலாப்தீன் பாய்க்குப் போட்டான். பின்னால் தையல் மிஷின் சத்தம் கேட்டது. அம்மா எங்கே என்று இவன் கேட்டதும் அந்தச் சத்தம் நின்றது.

"இருக்காக தம்பி. நல்லாத்தான் இருக்காக. நீங்க டென்ஷன் ஆவாதீக" என்றார் பாய். நல்ல மனிதர், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர். நான் கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அவன் உட்காரவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனையே பார்த்தான். பாலத்தின் மேல் நெட் இல்லாமல் பூனை அப்படியே உறைந்து நின்றது. உறைந்த பூனையை அவன் விரலால் தேய்த்துக்கொண்டே வந்தான். செம்பூர் தாண்டும்போது திரை அசைந்தது. தட்டில் புதிதாக ஒரு முழு மீன் விழுந்தது.

"பாத்தியா, மறுபடியும் வைக்கா. நல்லாத்தான் இருக்கா" என்றேன்.

"அம்மா போன் நல்லா இருக்கு மச்சான். அம்மா எங்கே?"

அந்த மீனைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. அத்தையின் போனை வேறு ஒரு கை பிடித்திருக்கிறது. நாம் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்து, நம்மை நம்ப வைக்க, வேளை தவறாமல் அந்தக் கை சோறு வைக்கிறது. குர்லாவில் இறங்கி ரயில் மாறும்போது அவன் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினான். பின்னால் விழுந்த இந்தி வசவு எல்லாவற்றையும் நான் வாங்கிக்கொண்டே ஓடினேன். சயானில் இறங்கியபோது எனக்கு மூச்சு முட்டியது.

அத்தை வீடு பூட்டியிருந்தது. வாசலில் தண்ணீர் டிரம் காலியாக இருந்தது. அவள் இருக்கிற வீட்டில் டிரம் காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. இசக்கிராஜ் பூட்டைப் பிடித்து இழுத்தான். எதிர்ப் பட்டறையிலிருந்து நூர் நிஷா வந்து நின்றாள். அவள் கையில் அத்தையின் போன் இருந்தது.

"மாமி, அம்மா எங்க?"

"உசுரோட இருக்காக தம்பி. அல்லா மேல ஆணை. முதல்ல உக்காருங்க" என்று அழ ஆரம்பித்தாள்.

அவன் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டான். அத்தையின் கால் விரலில் புண் வந்து பழுத்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறாள். புதன்கிழமை காய்ச்சலில் நடுங்கி விழுந்தவளைப் பாயும் இவளும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். விரலை எடுக்க வேண்டும், தள்ளிப் போட்டால் பாதம் போய்விடும் என்கிறார் டாக்டர். அத்தை சம்மதிக்கவில்லை. பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்றால், பிள்ளை துபாயில் இருக்கிறான் என்கிறாளாம்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "வாஷியில இருக்கவனை ஒரு போன் போட்டுக் கூப்பிட உங்களுக்குப் புத்தி வேண்டாமா?" என்று கத்தினேன்.

"சத்தியம் வாங்கிட்டாக அண்ணே. பிள்ளைகிட்ட சொன்னா ஆஸ்பத்திரில இருந்து எந்திரிச்சு எங்கயாவது போயிருவேன்னாக. போனைக் கையில குடுத்து, மூணு வேளையும் பூனைக்கு ஏதாவது வையி, வச்சாப் போதும், அவன் நிம்மதியா இருப்பான்னாக. நானும் தவறாம வச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு இசக்கிராஜைப் பார்த்தாள். "எப்படித் தம்பி கண்டுபிடிச்சீக?"

"மீன் வச்சீங்களே மாமி."

"ஜும்மா நாளாச்சே தம்பி. நல்ல நாளும் அதுவுமா வாயில்லா ஜீவனுக்குத் தயிர்ச் சோறா வைக்கது? அதான் இருக்கதுலயே நல்லதா வச்சேன்."

அவள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் கறியும் மீனும் மணக்கும் நாள். எதிர் வாசலில் அதே நாள் தயிர்ச் சோறு. இத்தனை வருஷம் பழகியும், காய்ச்சலில் கிடந்த அத்தைக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. இவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த நல்ல மனசால்தான் நாங்கள் அங்கே நின்றோம். நான் கத்தியதற்கு வெட்கப்பட்டேன்.

ஆஸ்பத்திரி வார்டில் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காலில் பெரிய கட்டு. எங்களைப் பார்த்ததும் நூர் நிஷாவைத்தான் முதலில் முறைத்தாள்.

"அவங்க சொல்லலம்மா. சீனிக்கு வெள்ளிக்கிழமை மீன் வச்சுட்டாங்க."

"ஐயோ" என்று அத்தை நிஜமாகவே வாயில் கை வைத்தாள். கால் போவதைப் பற்றி அவள் அப்படிப் பதறினதாகத் தெரியவில்லை.

இசக்கிராஜ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஆபரேஷனைப் பற்றிப் பேசத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ எங்கிட்ட எங்கலே கேட்ட? பூனைகிட்டல்லா கேட்ட."

அவன் கை போன் இருந்த பைக்குப் போனது. அத்தை விடவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? நான் மறந்துபோயி அதுக்குச் சோறு வைக்காத அன்னைக்கெல்லாம் கரெக்டா உன் போன் வரும். ஒப்பந்தமாவது ஒண்ணாவது. சரி, பிள்ளை அங்க நிம்மதியா வேலை பாக்கட்டும்னு எனக்குப் பசிச்சாலும் பசிக்காட்டியும் அதுக்கு மட்டும் வச்சுருவேன். உங்கிட்ட கால் புண்ணுன்னு சொன்னா என்ன செய்வ? வீட்டைப் பூட்டி என்னைத் தூக்கிட்டுப் போயிருவ. நான் அங்க ஏழாவது மாடியில உக்காந்து யாருகூடலே வெங்காயம் உரிக்க?"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பேர் நடுவில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவின் பசியைத் தெரிந்துகொள்ள அவன் ஓர் எண்ணைக் கண்டுபிடித்தான். அந்த எண் அவனிடம் சரியாகத்தான் இருந்தது. அம்மாதான் அதற்கு வெளியே கிடந்தாள். இதை நான் இப்போது சொல்கிறேன். அப்போது அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி.

"விரலை எடுக்கச் சம்மதிம்மா. வாஷிக்குக் கூப்பிட மாட்டேன். நீ தாராவியிலயே இரு."

"உன் பொண்டாட்டி மேல சத்தியமா?"

"மகேஸ்வரி மேல சத்தியமா."

என் தங்கை மேல் சத்தியம் செய்யும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அத்தை தலையை ஆட்டிவிட்டாள். இசக்கிராஜ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தான். நாளைக் காலையில் செய்துவிடலாம், ஒரு விரலோடு போய்விடும், நேரத்துக்கு வந்தீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

இசக்கிராஜ் பையிலிருந்து போனை எடுத்தான், பார்க்காமலே திரும்ப வைத்தான். பிறகு, தினமும் இரண்டு வேளை கேட்டு அவளைக் கோபப்படுத்திய அதே கேள்வியைப் பயந்து பயந்து கேட்டான்.

"சாப்டியாம்மா?"

அத்தை அவன் பக்கம் நன்றாகத் திரும்பிப் படுத்தாள்.

"இல்லலே. பசிக்கி" என்றாள்.

நான் நர்ஸிடம் கேட்டுக்கொண்டு இட்லி வாங்க ஓடினேன்.