முத்துக்கண்ணன் ஜீப்பை நிறுத்திய காலை

போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளில் முத்துக்கண்ணனின் ஜீப்புக்கு நல்ல பெயர் உண்டு. இருபது வருடமாக அவர் போடிமெட்டு மலையில் ஏறி இறங்குகிறார். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. விடியும் நேரத்தில் சிலமலை கிராமத்தில் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, அடிவாரத்து முந்தல் வழியாக மலையேறி, பூப்பாறைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இறக்கிவிடுவார். சாயங்காலம் அவர்களையே திரும்பக் கூட்டி வருவார்.

போன ஐப்பசி மழையில் ஒரு வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. ஒரு முழ தூரம் இருக்கும். வண்டி தானாகவே பிடித்து நின்றது. உள்ளே இருந்த பெண்கள் கத்தினார்கள். அடுத்த வளைவு வருவதற்குள் சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். முத்துக்கண்ணனும் சேர்ந்து சிரித்தார். ஆனால் மறுநாள் முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. நெஞ்சுக்குள் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவருக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. பாதிச் சோற்றில் எழுந்துபோய் ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். டயருக்கு அண்டக் கொடுத்த கல்லைக் காலால் உதைத்துப் பார்ப்பார். கையைக் கழுவிவிட்டு, கல் நகர்ந்திருக்குமோ என்று மறுபடியும் போவார். ஒருநாள் முடிதிருத்தும் கடையில், ஒரு பக்கத் தாடையில் சோப்பு நுரையோடு எழுந்து தெருவுக்கு ஓடினார். வண்டி நிறுத்திய இடத்தில்தான் நின்றது.

தேனியில் ஒரு டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்றார். மனசுதான் ஓய்வில்லாமல் ஓடுகிறது என்று சொல்லி, மதுரையில் இருக்கும் ஓர் உளவியல் ஆலோசகரின் நம்பரைக் கொடுத்தார். நேரில் போக வேண்டியதில்லை, போனிலேயே முகம் பார்த்துப் பேசலாம் என்றார். முத்துக்கண்ணன் தன் மனைவி ரோஜாவிடம் நெஞ்சில் ஒன்றுமில்லையாம், வாயுக்கோளாறுதான் என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் தும்மினால் மற்றதில் கேட்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜீப்பை ஊருக்கு வெளியே வாய்க்கால் ஓரத்துத் தென்னந்தோப்புக்கு ஓட்டிப்போய், படுதாவை இறக்கிவிட்டு, போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துப் பேசினார். ஆலோசகர் பெயர் பானுப்பிரியா. வயது முப்பதைத் தாண்டாத பெண். இந்தப் பெண்ணுக்கு மலை ரோட்டைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்று நினைத்து, முத்துக்கண்ணன் முதல் நாள் முழுக்க என்ஜினைப் பற்றியும் டயரைப் பற்றியுமே சொல்லிக்கொண்டிருந்தார். பானுப்பிரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், கை வியர்க்கும்போது கால் என்ன செய்கிறது என்று கேட்டார். முத்துக்கண்ணன் அதைக் கவனித்ததே இல்லை. அடுத்த வாரத்துக்குள் கவனித்து வந்தார். பிரேக்கை மிதிக்காத நேரத்திலும் கால் மிதித்தபடிதான் இருந்தது.

மூச்சை நிதானமாக விடப் பழக்கினார் பானுப்பிரியா. ஒரு தடவை கல்லைப் பார்த்தபின் திரும்பப் போகாமல் கொஞ்ச நேரம் தள்ளிப்போடச் சொன்னார். அந்தக் கொஞ்ச நேரம் முத்துக்கண்ணனுக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்தது. சில நாள் தாக்குப்பிடித்தார். பல நாள் எழுந்து போனார்.

இதற்கிடையில், வாய்க்கால் ஓரத்தில் படுதாவை மூடிக்கொண்டு உன் வீட்டுக்காரர் யாரோ ஒரு பெண்ணோடு பேசுகிறார் என்று பக்கத்து வீட்டில் ரோஜாவின் காதில் போட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அவள் நடந்தே வந்து படுதாவைத் தூக்கினாள்.

"யாரு இது?"

"டாக்டரு."

"நெஞ்சுல ஒண்ணுமில்லன்னுதான சொன்னாக? பெறகு எதுக்கு டாக்டரு?"

போனுக்குள்ளிருந்து பானுப்பிரியா, "அண்ணே, அவங்க இருக்கலாமா வேணாமாங்கிறது உங்க இஷ்டம். இன்னொரு நாள்கூடப் பேசலாம்" என்றார்.

"இருக்கட்டும் மேடம்" என்றார் முத்துக்கண்ணன். பிறகு ரோஜாவைப் பார்க்காமல், எதிரே தெரிந்த தென்னையைப் பார்த்துச் சொன்னார். "வண்டியில ஏறுற அத்தன பேரையும் நான் கொன்னுருவேனோன்னு பயமா இருக்கு."

ரோஜா, வேலைக்குப் போகும் பெண்கள் உட்காரும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"இத வீட்டுல சொல்றதுக்கென்ன?" என்றாள். "வாயுன்னு நம்பி தெனமும் இஞ்சியத் தட்டிச் சாறு குடுத்துக்கிட்டிருந்தேன்."

அன்று பானுப்பிரியா ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பயத்தில் எது மனசு கட்டிவிட்டது, எது நிசமாகவே இருக்கிற ஆபத்து? வண்டியில் எத்தனை பேர் ஏற வேண்டும், எத்தனை பேர் ஏறுகிறார்கள்? முத்துக்கண்ணன் சிரித்தார். சீட்டில் இருப்பவர்கள் மடியில் இன்னொருவர், பின்னால் தொத்திக்கொண்டு சிலர் என்றுதான் எல்லா ஜீப்பும் போகிறது. அந்தக் கேள்வி வாரம் முழுக்க அவரை அரித்தது. போட்ட ஹேண்ட்பிரேக்கைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது வீண் வேலை. பாரம் ஏற்றுவது அப்படியில்லை.

திங்கட்கிழமை, தோட்டத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் சுருளியிடம் சொல்லிவிட்டார்.

"சீட்டுல உக்கார்றவுகள மட்டுந்தான் ஏத்துவேண்ணே. தொத்திக்கிட்டு யாரும் வர வேணாம்."

சுருளி கத்தவில்லை. வேறு ஜீப்புக்காரர்களுக்குப் போன் போட்டார். யாரும் வரவில்லை. அன்று மூன்று பெண்கள் ரோட்டோரமே நின்றுவிட்டார்கள். அவர்களில் மொக்கம்மாள் புருஷன் இல்லாதவள். சோற்றுத் தூக்கோடு சாயங்காலம் முத்துக்கண்ணன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஒனக்குப் பயம்னா எஞ்சோலி எதுக்குப் போகணும்? நானா ஒன்னயப் பயப்படச் சொன்னேன்?"

ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னபோது பானுப்பிரியா, மொக்கம்மாள் கேட்டதும் நியாயம்தான் என்றார். பயம் விட்டுவிடும் என்று நினைத்துச் செய்த காரியம், புதிதாக ஒரு உறுத்தலைக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த வாரம் முத்துக்கண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. பத்து நாள் அலைந்து, தேவாரத்தில் தனக்குத் தெரிந்த ஒரு டிரைவரைப் பிடித்து சுருளியிடம் சேர்த்துவிட்டார். மொக்கம்மாளுக்கு அந்த ஜீப்பில் இடம் கிடைத்தது. இவரோடு அவள் பேசுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

மார்கழியில் ஒருநாள் மலையில் மூடுபனி இறங்கியிருந்தது. பாதி வழியில், எதிரே வந்த லாரி பனிக்குள்ளிருந்து திடீரென்று முளைத்து உரசாமல் கடந்துபோனது. முத்துக்கண்ணனின் கை நடுங்கத் தொடங்கியது. மற்ற நாள் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறியிருப்பார். அன்று ரோடு அகலமாக இருந்த இடத்தில் ஓரங்கட்டி என்ஜினை அணைத்தார்.

"எனக்குக் கை நடுங்குது. செத்த நேரம் நின்னுட்டுப் போவோம்."

பல வருடமாக அவர் ஜீப்பிலேயே வரும் செல்லத்தாய்தான் கேட்டாள்.

"இத்தன நாளும் நடுங்கிக்கிட்டா ஓட்டுன?"

"சில நாள்."

"சொல்லியிருக்கலாம்ல, அண்ணே."

இரண்டு பெண்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். ஒருத்தி சுருளிக்குப் போன் போட முயன்றாள், சிக்னல் கிடைக்கவில்லை. மற்றவர்கள் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். யாரோ ஃபிளாஸ்க்கிலிருந்து கட்டங்காப்பியை ஊற்றிக் கொடுத்தார்கள். முத்துக்கண்ணன் இரண்டு பாதத்தையும் தார் ரோட்டில் அழுத்தி ஊன்றி, மூச்சை மெதுவாக விட்டார். நடுக்கம் முழுதாக நிற்கவில்லை. ஓட்டும் அளவுக்குக் குறைந்தது. அதோடே ஏறிப் போனார். தோட்டத்தில் தாமதத்துக்காக எல்லோருமே ஏச்சு வாங்கினார்கள்.

மறுவாரம் அந்த இரண்டு பெண்களும் வேறு ஜீப்புக்கு மாறிக்கொண்டார்கள். மற்றவர்கள் மாறவில்லை. டிரைவர் பேசிக்கொண்டே வந்தால் பயம் அண்டாது என்று செல்லத்தாய் தானாக முடிவு கட்டி முன்சீட்டுக்கு வந்துவிட்டாள். முந்தலில் ஆரம்பித்தால் போடிமெட்டு வரைக்கும் வாய் ஓய்வதில்லை. கை வியர்ப்பதைவிட இப்போது இதுதான் பெரிய பாடாக இருக்கிறது, இவளிடம் எப்படிச் சொல்வது என்று அடுத்த ஞாயிறு முத்துக்கண்ணன் கேட்க, போனுக்குள் பானுப்பிரியா சிரித்துவிட்டார். பின்சீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ரோஜா, நான் சொல்கிறேன் என்றாள்.